தலையைத் தொட்டவ

இங்கிட்டு உக்காரு தாயி, எடம் இருக்கு. ஜன்னலோரம் மட்டும் கேக்காத, அது எனக்கு வேணும். இந்தப் பக்கம் தலையைச் சாச்சு வச்சிக்கிட்டா யாரும் பாக்க மாட்டாக. மதுரைக்கா? ஆஸ்பத்திரிக்கா? இல்லையா, நல்லாயிருப்ப. எந்த ஊரு உனக்கு? பேரையூர்ப் பக்கமா? அப்பச் சரி. எங்க ஊருக்காரியா இருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு. அரக்குச் சேலை கட்டிக்கிட்டு, மடியில வயர்கூடையை வச்சு, ஒருத்தி நிமிந்து உக்காந்திருக்கா பாரு. உத்துப் பாக்காதம்மா, தெரிஞ்சிரும். அவளுக்கு முதுகுலயும் கண்ணு. பேரு ஒச்சம்மா. எனக்கு அக்கா முறையுமில்ல, தங்கச்சி முறையுமில்ல. என்கிட்ட வேலை பாத்தவ, நானே வேணாம்னு நிறுத்துனவ. ஆனா தெனமும் என்கூட மதுரைக்கு வர்றா. ஆஸ்பத்திரியில எனக்குக் கரண்டு வைக்கிற எடத்துக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து, என்னைக் கூட்டிட்டுத் திரும்பி வர்றா. எதுக்கு வர்றா? இத்தன நாளா அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன். நேத்துத் தெரிஞ்சு போச்சு. அதான் இன்னைக்கு அவகூட உக்காரல.

எம்பேரு தவமணி. தவமணி கூந்தல் தைலம் கேள்விப்பட்டிருக்கியா? பேரையூர்ல ரெண்டு கடையில போடுவேனே. பாட்டிலு மேல ஒரு பொம்பளை திரும்பி நிப்பா, முடி முழங்காலுக்கு வரும். மூஞ்சி தெரியாது. அது நான்தான். நெசமாத்தான் சொல்றேன், ஒட்டு வச்ச முடியில்ல, சொந்த முடி. சந்தையில சாக்கை விரிச்சு பாட்டிலை அடுக்கிட்டு, கொண்டையை அவுத்துவிட்டு நின்னாப் போதும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல வேணாம். பொம்பளைக தானா வந்து தொட்டுப் பாப்பாக. சவுரியா இருக்குமோன்னு இழுத்துக்கூடப் பாப்பாளுக. நல்லா இழுத்துக்கங்கடின்னு விட்டுருவேன். எனக்கு போர்டு கெடையாது, விளம்பரம் கெடையாது. வீட்டுக்காரரு போனப்பறம் இந்த முடியை வச்சுத்தான் மகனைப் படிக்க வச்சு ஓசூர்ல வேலைக்கு அனுப்புனேன்.

ஒச்சம்மா எண்ணெ காய்ச்சுறதுக்கு ஒத்தாசைக்கு வந்தவ. கரிசலாங்கண்ணியை அரைக்கணும், சாறு புழியணும், அடுப்புத் தீயைப் பாத்துக்கணும், எல்லாம் அவதான். கடைசியில போடுற ஒரு சாமான் மட்டும் அவ கண்ணுல காட்ட மாட்டேன். அதை முந்தானையில முடிஞ்சு கொண்டாருவேன். "ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வாடி"ன்னு அவளை அனுப்பிட்டு, சட்டியில போட்டுருவேன். என்ன சாமானா? நல்லாக் கேட்ட போ. பாத்தா சாது மாதிரி இருக்க, மெல்ல வாயைப் புடுங்குற.

சந்தைக்கு மொத நாளு எனக்குத் தலைக்கு எண்ணெ வச்சு விடுறதும் அவ சோலிதான். அம்புட்டு முடிக்கு ஒருத்தியே வைக்க முடியுமா? ஒருநா வச்சிக்கிட்டே இருந்தவளுக்குக் கை நின்னு போச்சு. "யக்கா, உச்சிக்குப் பின்னாடி ஒரு தடிப்பு இருக்கு. அந்த எடத்துல முடியைக் காணோம். கம்பு ஒட்டுனாப்புல சின்னச் சின்னதாத் தட்டுப்படுது. அரிக்குதா?"ன்னு கேக்குறா.

அரிச்சது. ரொம்ப நாளாவே அரிச்சது. அதை இவகிட்ட எதுக்குச் சொல்லணும்? நீயே யோசிச்சுப் பாரு. என் தலையை இத்தன வருசமாத் தொட்டவ இவ ஒருத்தி. எனக்கே தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிஞ்சது? வச்சவளுக்குத்தான வச்ச எடம் தெரியும்? அதும்போக, எண்ணெக்காரி தலையில முடி கொட்டுதுன்னு இவ நாலு பேருகிட்ட சொன்னா என் பொழப்பு என்னாகும்? மறுநாளே கூப்பிட்டு, இனிமே வர வேணாம்டின்னு சொல்லிட்டேன். ஏன் எதுக்குன்னு அவளும் கேக்கல. கேக்காதது எனக்கு இன்னும் சந்தேகமாப் போச்சு.

பெறகு பாத்தா, எனக்கு ரெண்டு கடை தள்ளி அவளும் பாட்டிலை அடுக்கிக்கிட்டு உக்காந்துட்டா. அடிமடியிலயே கைய வச்சுட்டா தாயி. ஒரு பிள்ளைகிட்டச் சொல்லி ஒரு பாட்டில் வாங்கியாரச் சொல்லி, மோந்து பாத்தேன், நாக்குல வச்சும் பாத்தேன். கடைசிச் சாமான் இல்ல. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. ஆக, அதைத் தெரிஞ்சுக்கத்தான் என்னமோ செய்யிறான்னு நெனச்சுக்கிட்டேன்.

அதுக்குள்ள இந்தத் தடிப்பு பெருசாகிருச்சு. கட்டைவிரல் அகலத்துல இருந்தது உள்ளங்கை அகலம் வந்துருச்சு. பூச்சிவெட்டுன்னு நெனச்சு சின்ன வெங்காயத்தை வெட்டித் தேச்சேன், எரிச்சலு உசுரு போச்சு. மெடிக்கல்காரன்கிட்ட, "எனக்கில்ல, என் மருமகளுக்கு"ன்னு சொல்லி ஒரு ட்யூப்பு வாங்குனேன். அது கேட்டுச்சு. போட்டா அரிப்பு நின்னுரும், செவப்பு அடங்கிரும். நிறுத்துனா பழையபடி வந்துரும். சரி, போட்டுக்கிட்டே இருப்போம்னு இருந்தேன். அதுமேல என் எண்ணெயையும் தேச்சு, பக்கத்து முடியை இழுத்து மூடிக் கொண்டை போட்டுக்குவேன். சந்தையில முடியை அவுத்து விடுறதை நிறுத்திட்டேன். கேட்டவகளுக்குக் கழுத்து வலின்னு சொன்னேன்.

அப்பறந்தான் கோடாங்கிகிட்டப் போனேன். குறி சொல்ற ஆளு, உடுக்கையை அடிச்சாருன்னா மேலு சிலுத்துப் போகும். அவருகிட்ட நான் ஒண்ணுமே சொல்லல. முக்காட்டைக்கூட எடுக்கல. கண்ணை மூடி அடிச்சிக்கிட்டே இருந்தவரு, "உன் தலையைத் தொட்டவ... பொம்பளை... உன் கையால சோறு தின்னவ"ன்னாரு. "ஒச்சம்மாவா சாமி?"ன்னு மட்டும் கேட்டேன், அம்புட்டுத்தான். "அவதான்!"னுட்டாரு. பாத்தியா? பேரு மொதக்கொண்டு எப்படிச் சொன்னாரு பாரு!

இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரியல. நான் அப்படிப்பட்டவ இல்ல. நம்பிக்கையான நாலஞ்சு பொம்பளைககிட்ட மட்டும் காதும் காதும் வச்ச மாதிரி சொன்னேன். அதுவும் எனக்குத் தலையில இப்படின்னு சொல்ல முடியுமா? "ஒச்சம்மா கையில செய்வினை இருக்கு, அவ எண்ணெயைத் தொடாதீக, பாத்து நடந்துக்கங்க"ன்னு பொதுவாச் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அடுத்த சந்தையிலயிருந்து அவ கடையில ஒரு ஈ காக்கா இல்ல. அவ மகளுக்குப் பேசி வச்சிருந்த எடம் வேற தட்டிப் போச்சாம், செய்வினைக்காரி வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாகளாம். அதுக்கு நான் என்ன செய்ய? நான் என்ன மாப்பிள்ளை வீட்டுக்கா போயிச் சொன்னேன்?

கோடாங்கி கட்டுன கயிறு கையிலதான் இருந்துச்சு, தடிப்பு கேக்கல. வேற வழியில்லாம மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாத்தான். தோல் டாக்டரு ஒரு பொம்பளைப் பிள்ளை, சின்ன வயசு, கண்ணாடி போட்டிருக்கும். தலையை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "முடியெல்லாம் வேரோட போயிருக்கேம்மா, எவ்வளவு நாளா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. "இப்பத்தான், ஒரு மாசமா"ன்னேன். "ஏதாவது களிம்பு போடுறீங்களா?"ன்னு கேட்டுச்சு. "ஒண்ணும் போடலம்மா"ன்னுட்டேன்.

சொல்லுவனா பின்ன? ட்யூப்பைச் சொன்னா எண்ணெயைச் சொல்லணும். எண்ணெயைச் சொன்னா, தவமணித் தைலம் தேச்சவளுக்கே முடி இல்லையாம்னு அந்தப் பிள்ளை நாலு பேருகிட்டச் சொல்லிச் சிரிக்காதா? டாக்டருன்னா வாயில்லாமலா இருக்கும்?

"கொஞ்சம் தோலை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம்மா, அடுத்த வாரம் வாங்க"ன்னுச்சு. சரின்னு வந்து, அந்த வாரம் பூராம் ட்யூப்பை நல்லா வழிச்சு வழிச்சுத் தேச்சேன். வீட்டுக்கு விருந்தாளி வர்றாகன்னா பெருக்கிக் கோலம் போட்டு வைக்க மாட்டமா? அப்படியே அசிங்கமாவா கொண்டுபோயி ஒரு டாக்டருகிட்டக் காட்டுறது? போற அன்னைக்குப் பாத்தேன், செவப்பெல்லாம் அடங்கி அம்சமா இருந்துச்சு. மரத்துப் போறதுக்கு ஊசி போட்டு, மிளகு அளவுக்குத் தோண்டி எடுத்து, ஒரு தையலும் போட்டாக.

ரிசல்ட்டு வந்தப்ப அந்தப் பிள்ளை மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே படிச்சுச்சு. "தெளிவா ஒண்ணும் சொல்ல முடியலம்மா. கண்ணுக்கு ஒரு மாதிரி தெரியுது, உள்ள பாத்தா வேற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை எடுக்கணும். நெசமாவே ஒண்ணும் போடலையே?" சாமி சத்தியமாப் போடலன்னேன். மறுபடியும் அதே மாதிரி சுத்தம் பண்ணிக்கிட்டுப் போனேன். மறுபடியும் தோண்டுனாக. மறுபடியும் தெளிவாத் தெரியலன்னே வந்துச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. இவுக என் தலையில என்னமோ பரிச்ச வச்சுப் பாக்குறாக. தெரிஞ்சா தெரிஞ்சதுன்னு சொல்லணும், தெரியலன்னா விடணும், ஒரு மனுசி தலையை எத்தன தடவை தோண்டுறது? இதுக்கு மேல அங்க போறதில்லன்னு முடிவு பண்ணி வீட்டுல இருந்துட்டேன். ட்யூப்பு இருக்கு, பெறகென்ன?

இருந்தேனா, ஒருநா வாசல்ல ஒரே சத்தம். ஒச்சம்மா வந்து நிக்கிறா. மகளுக்கு எடம் தட்டுனது அன்னைக்குத்தான் போல. "வெளிய வாடி தவமணி! நான் செய்வினைக்காரியா? உனக்கு என்னடி செஞ்சேன்? சொல்லு, தெருவுல வந்து சொல்லு!"ங்கிறா. அதுவரைக்கும் யக்கான்னு கூப்பிட்ட வாயி. நானும் சும்மா இருப்பனா? பதிலுக்கு வஞ்சேன். கையை நீட்டிக்கிட்டே உள்ள வந்துட்டா. நான் தள்ள, அவ தள்ள, என் முக்காடு அவ கையில மாட்டி அவுந்து போச்சு.

அம்புட்டுத்தான், சத்தம் நின்னு போச்சு. அப்படியே என் தலையைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. தடிப்புல ரெண்டு எடத்துல அப்ப புண்ணாகியிருந்துச்சு. பெறகு தரையில உக்காந்துட்டா. "அன்னைக்கே சொன்னேனேக்கா"ன்னா. எந்திரிச்சுப் போகும்போது, "நாளைக்கு வெள்ளனா மொத பஸ்ஸு, கெளம்பி நில்லு"ன்னு சொல்லிட்டுப் போனா.

வேணாம்னு சொல்லியிருக்கலாம். ஆனா கூட ஆள் இல்லாம வராதீகன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாக. மகன்கிட்டச் சொன்னா மருமக காதுக்குப் போகும், அவளுக்கு இளக்காரமாப் போயிரும். சரி, வர்றவளை ஒரு கண்ணு வச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போவோம்னு போனேன்.

அங்க போயி என்ன செஞ்சாங்கிற? டாக்டரு வழக்கம்போல, "ஒரு மாசமாத்தான இருக்கு? ஏதாவது போடுறீங்களா?"ன்னு கேக்குது. நான் இல்லைன்னு தலையை ஆட்டுறேன். இவ என் பையில கைய விட்டு ட்யூப்பை எடுத்து மேசையில வச்சுட்டா! "இதைப் பூசுறாங்க டாக்டரு. பஸ்ஸுல வரும்போதுகூடப் பூசுனாங்க. மேல எண்ணெயும் தேப்பாங்க. தடிப்பு ஒரு மாசமில்ல, எனக்குத் தெரிஞ்சே மூணு வருசம்." அந்தப் பிள்ளை ட்யூப்பை எடுத்துப் பேரைப் படிச்சுட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே! வையவுமில்ல. "இதுதாம்மா உள்ள இருக்கிறதை அமுக்கி மறைச்சிருக்கு. இதை அறவே நிறுத்திட்டு, கொஞ்ச வாரம் கழிச்சு எடுப்போம்"ன்னுச்சு.

ட்யூப்பை ஒச்சம்மா கொண்டுபோயிட்டா. நிறுத்துன பெறகு அரிச்சது பாரு, சுவத்துல தலையைத் தேய்க்கலாம் போல இருந்துச்சு. மூணாந்தடவையும் எடுத்தாக. இந்தத் தடவை தெளிவா வந்துருச்சு. நீயே கணக்குப் போட்டுக்க. ரெண்டு தடவை நான் தனியாப் போனேன், ஒண்ணும் இல்ல. இவ கூட வந்து வாயத் தொறந்தா, ஒடனே வியாதி வந்துருச்சு. அவ வாயத் தொறக்குறவரைக்கும் எனக்கு வியாதியே கெடையாது.

என்ன வியாதியா? தோல்ல வர்ற லிம்ஃபோமாவாம். கேன்சர்ல ஒரு வகைன்னுச்சு. கேன்சர்னா உடம்பு எளைக்கணும்ல? என்னைப் பாரு, எளைச்சா இருக்கேன்? அதைக் கேட்டேன். அந்தப் பிள்ளை பொறுமையாத்தான் சொல்லுச்சு. ரத்தத்துல நம்மைக் காக்குற வெள்ளை அணு இருக்காம், அதுல ஒரு கூட்டம் கெட்டுப்போயி தோலுக்கு வந்து, முடிவேரைச் சுத்திக் குடியேறிருச்சாம். அதான் முடி கொட்டுதாம். ரொம்ப அபூர்வமாத்தான் வருமாம், படைன்னும் பூச்சிவெட்டுன்னும் நெனச்சு வருசக்கணக்கா விட்டுருவாகளாம். பைய வர்ற வியாதியாம். "யாரும் வச்சு வர்றதில்ல, ஒட்டுறதுமில்ல. ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாதும்மா"ன்னுச்சு. ஏன் வருதுன்னு தெரியாதவுகளுக்கு, யாரும் வைக்கலைன்னு மட்டும் எப்படித் தெரியும்? கேட்டேனே அதையும். சிரிச்சுக்கிட்டு விட்டுருச்சு.

நான் முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். இவ கேக்குறா, "செத்துருவாங்களா டாக்டரு?" அம்புட்டுப் பேரு முன்னாடி, பளிச்சுன்னு. எதுக்கு அவளுக்கு அம்புட்டு அவசரம்? உடம்பு முழுக்க ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு, வேற எங்கயும் போகல, தோலோட நிக்குது, ரேடியேசன்னு சொல்ற கரண்டு வச்சா அடங்கிரும், ஆனா வருசக்கணக்கா வந்து காட்டிக்கிட்டே இருக்கணும்னு சொன்னாக. அதைக் கேட்டதும் இவ பெருமூச்சு விட்டா பாரு, பக்கத்துல இருந்த எனக்குச் சூடு தெரிஞ்சுச்சு. அந்த எடத்துல மட்டும் முடி திரும்ப வராதுன்னாக. அப்பத்தான் நான் அழுதேன். சாவு இல்லைன்னதுக்கு அழாதவ முடிக்கு அழுறாளேன்னு நெனைக்காத தாயி, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

பெறகு கேளு, கரண்டு வைக்கிற வரைக்கும் தலையில எண்ணெ தொடக் கூடாதாம். எனக்கு! எண்ணெ வேணாம்னு எனக்கே சொல்றாக! எந்த ஷாம்புக்காரன் சொல்லிக் குடுத்தானோ.

தடிப்பைச் சுத்தி மழிச்சுட்டாக. மிச்ச முடியோட கனம் புண்ணை இழுக்குது, படுக்க முடியல. ஒச்சம்மாதான் கத்திரிக்கோலை எடுத்தா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். வெட்டுன முடியைப் பின்னி, மஞ்சத்துணியில சுத்தி என் பீரோவுல வச்சுட்டுப் போனா. வித்துருப்பாளோன்னு அவ போனதும் எடுத்துப் பாத்தேன், இருந்துச்சு. நீளத்தையும் அளந்து பாத்தேன், கொறையல.

கரண்டு வைக்க வைக்க ஒரே அசதி. எந்திரிக்க முடியல. கடைக்காரவுக சரக்கு எங்க சரக்கு எங்கன்னு போன் போடுறாக. ஒருநா தூங்கி முழிக்கிறேன், வீடெல்லாம் வாசம். ஓடிப்போயிப் பாத்தா இவ என் சட்டியில எண்ணெ காய்ச்சிக்கிட்டு இருக்கா. அகப்பையை எடுத்து நாக்குல வச்சேன். இருக்கு! கடைசிச் சாமான் இருக்கு, அளவு பெசகாம இருக்கு. "உனக்கு எப்படிடி தெரியும்?"னு கேட்டேன். "எட்டு வருசம் உன் முந்தானையில அடிச்ச வாசம் எனக்குத் தெரியாதாக்கா? நீ தண்ணிக்கு அனுப்புவ, நானும் போவேன். வீட்டுக் கொடம் அப்பவே நெறைஞ்சுதான இருக்கும்?"ன்னு சொல்லிட்டு, என் லேபிளை எடுத்து ஒட்ட ஆரம்பிச்சுட்டா. என் லேபிளைத்தான், அவ லேபிளை இல்ல.

அன்னையிலயிருந்து எனக்குத் தூக்கமே போச்சு. தெரிஞ்சிருந்தும் தன்னோட எண்ணெயில அதைப் போடலையே, ஏன்? போட்டிருந்தா என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருக்கலாமே. சாமானுக்காக வரலைன்னா, பெறகு வேற எதுக்கு வர்றா? சோறு கேக்கல, பஸ்ஸு டிக்கெட்டும் அவளே எடுத்துக்கிறா. கேட்டுட்டா நமக்கு நிம்மதி, மாட்டேன்னு சொல்லிரலாம். ஒண்ணுமே கேக்காத ஆளை வச்சுக்கிட்டு என்ன செய்யிறது?

நேத்துத் திரும்பி வரும்போது கேட்டுட்டேன். "நாளைக்கோட கரண்டு வைக்கிறது முடியுது. உனக்கு என்னடி வேணும்? மறைக்காமச் சொல்லு."

சொன்னா. "நீ பொழைக்கணும்க்கா. நீ செத்துட்டீன்னா ஒச்சம்மாதான் கொன்னான்னு எழுதி வச்சிருவாக, அதுக்கப்பறம் அழிக்க ஆளில்ல. என் மகளைக் கரையேத்த முடியாது. நீ பொழைச்சு, சந்தையில நடுவுல நின்னு, முக்காட்டை எடுத்து, இது வியாதி, ஒச்சம்மா செஞ்சதில்லைன்னு உன் வாயால சொல்லணும். அதுக்குத்தான் உன்னைத் தூக்கிக்கிட்டுத் திரியிறேன். இல்லாட்டி நீ என்னைப் பேசுன பேச்சுக்கு, உன் வாசப்படியை மிதிப்பனா?"

பாத்தியா! பாத்தியா தாயி! காரியம் இல்லாம யாராச்சும் வருவாகளா? நான் அன்னைக்கே நெனச்சேன். அவ எனக்காக வரல. நான் நெனச்சது சரியாப் போச்சேன்னு எனக்குச் சந்தோசமாத்தான இருக்கணும்? என்னமோ, நேத்து ராத்திரி சோறு எறங்கல. எனக்காகக் கொஞ்சமாச்சும் வந்திருப்பான்னு... விடு. அழலம்மா, காத்துக்குக் கண்ணு கலங்குது.

எப்படிச் சொல்ல முடியும் சொல்லு. எங்க சந்தையில நின்னு முக்காட்டை எடுத்தா அன்னையோட என் எண்ணெ போச்சு. அவளுக்கு அவ மக, எனக்கு என் பொழப்பு. அவ நெனைக்கிறா, நான் சொல்லவே மாட்டேன்னு. பஸ்ஸு ஏறுனதுலயிருந்து ஒரு தடவை திரும்பிப் பாக்கல பாரு.

செக்கானூரணி வந்துருச்சா? அடி ஆத்தி, ஏறுறது யாரு? ராமுத்தாயி! எங்க சந்தையில வளையல் பாசி விக்கிறவ. மதுரைக்குச் சரக்கெடுக்கப் போறா போல. அவ வாயில ஒண்ணு விழுந்துச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள எல்லா ஊரும் அறிஞ்சிரும். ஒச்சம்மாவைப் பாத்துட்டா பாரு. அவ பக்கத்துல எடம் காலியா இருக்குது, ஆனா உக்கார மாட்டேங்கிறா. சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, மேல பட்டுறாம ஒதுங்கி வர்றா பாரு. காறித் துப்புறாளே! ஒச்சம்மா மேல படல, ஜன்னலுக்கு வெளியதான். அவ அசையல. அப்படியே உக்காந்திருக்கா. ஊருக்குள்ள தெனமும் இப்படித்தான் போல. நான் பாத்ததில்ல.

நம்மகிட்டத்தான் வர்றா. "வா ராமுத்தாயி. ஆமா, மதுரைக்குத்தான். கழுத்து வலியா? இல்லடி."

இந்தா தாயி, இந்தப் பின்னைக் கழட்டு. முக்காட்டுலதான். கழட்டுங்கிறேன்ல.

"நல்லாப் பாருடி ராமுத்தாயி. கிட்ட வந்து பாரு. கேன்சரு. தோல்ல வர்றது. டாக்டரு சொல்லிட்டாக, யாரும் வச்சு வர்றதில்லையாம். அந்தா உக்காந்திருக்காளே, அவ ஒண்ணும் செய்யல. நான் சொன்னது பொய்யி. போயி எல்லாருகிட்டயும் சொல்லு, தவமணி சொன்னான்னே சொல்லு. எண்ணெயா? எண்ணெ போனாப் போகுதுடி, அவகிட்ட வாங்கிக்கங்க."

சத்தமாச் சொன்னேனா? பஸ்ஸே பாக்குதா? பாக்கட்டும். அவளுக்குக் கேட்டிருக்கும்ல? எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு, நீ எட்டிப் பாத்துச் சொல்லு தாயி, திரும்பிப் பாக்குறாளா? பாக்கலையா? பாத்தியா, எம்புட்டு அழுத்தக்காரி! என்ன சொல்ற? தோளு குலுங்குதா? அது ரோடு சரியில்லம்மா.